உஷார்! ஒரு முறை பூட்டினார்கள், மறுபடியும் பூட்டலாம்

குழந்தைக்கு ஒன்றரை மாதம் ஆனதும் ஒரு புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் தடுப்பூசி இருக்கும். நாய் கடித்துவிட்டால் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினால் மருந்து இருக்கும். இந்த இரண்டையும் யாரும் சந்தேகப்படுவதில்லை. குன்னூர்க்காரர்களாவது சந்தேகப்பட வேண்டும். அந்த ஊசி மருந்துகள் நம் ஊரில்தான் தயாராயின. நம் ஊரில்தான், டெல்லியிலிருந்து வந்த ஒரே ஓர் உத்தரவில், நின்றும் போயின.

2008 ஜனவரி. சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே, நூறு ஆண்டைத் தாண்டி நிற்கும் பாஸ்டியர் இன்ஸ்டிடியூட்டின் தடுப்பூசி உற்பத்தி உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. அதோடு இமாச்சலப் பிரதேசத்தின் கசௌலியில் 1905 முதல் இயங்கிவந்த மத்திய ஆராய்ச்சி நிலையம், 1948-ல் தொடங்கிய சென்னை கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம் ஆகியவற்றின் உரிமங்களும் நிறுத்தப்பட்டன. மூன்றும் மத்திய அரசின் நிறுவனங்கள். நாட்டின் இலவசத் தடுப்பூசித் திட்டத்துக்குப் பெரும்பங்கு மருந்தைக் கொடுத்துவந்தவை இவைதான். கிண்டியிலிருந்து காசநோய்க்கான பி.சி.ஜி., குன்னூரிலிருந்தும் கசௌலியிலிருந்தும் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றுக்கும் சேர்த்துப் போடும் முத்தடுப்பு ஊசி. அப்போது மத்திய சுகாதார அமைச்சர் அன்புமணி ராமதாஸ். உரிமத்தை நிறுத்தியதற்குச் சொல்லப்பட்ட காரணம், 'நல்ல உற்பத்தி நெறிமுறை'யின் தரத்தில் இந்தக் கூடங்கள் இல்லை, உலக சுகாதார நிறுவனம் அதிருப்தி தெரிவித்திருக்கிறது என்பது.

காரணத்தில் பொய் இல்லை. கட்டடங்கள் பழையவை, கருவிகள் பழையவை. குழந்தையின் உடம்பில் ஏற்றும் மருந்தில் தரம் குறையக் கூடாது என்பதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை. ஆனால் பழுதடைந்த கூடத்தைப் புதுப்பிக்கப் பல ஆண்டுகளாகப் பணம் கொடுக்காதது யார்? அதே அரசுதான். புதுப்பிக்கும் வரை மாற்று ஏற்பாடு என்ன என்று யோசிக்காமல் பூட்டுப் போட்டதும் அதே அரசுதான். தனியார் கம்பெனிகளிடம் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அவர்களிடம் அவ்வளவு மருந்து கையிருப்பில் இல்லை. பல மாநிலங்களில் முத்தடுப்பு ஊசிக்கும் பி.சி.ஜி.க்கும் தட்டுப்பாடு வந்தது. விலையும் ஏறியது. நாடாளுமன்ற நிலைக்குழு கண்டித்தது. ஓய்வுபெற்ற அதிகாரிகளும் மக்கள் நல அமைப்புகளும் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். முன்னாள் சுகாதாரச் செயலாளர் ஜாவித் சவுத்ரி தலைமையில் குழு அமைந்தது. 2010 பிப்ரவரியில், குலாம் நபி ஆசாத் அமைச்சராக இருந்தபோது, தடை விலக்கப்பட்டது.

இரண்டு ஆண்டுகள். கேட்பவர்களுக்குச் சின்னக் காலமாகத் தெரியலாம். கைக்குழந்தைக்கு முதல் மூன்று தவணை ஊசி போடவேண்டிய காலம் ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம். இரண்டு ஆண்டில் எத்தனை குழந்தைகள் அந்த வாரங்களைக் கடந்து போயிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பள்ளிக்கூடம் மூடினால் ஒரு வருடம் தாமதமாகப் படித்துக்கொள்ளலாம். கக்குவான் இருமல் கிருமி தவணை கேட்டுக்கொண்டு வராது.

அந்தக் கல் கட்டடம் எப்படி வந்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1902-ல் குன்னூரில் ஓர் இளம்பெண் வெறிநாய்க்கடி நோயில் இறந்துபோனார். அந்தக் காலத்தில் நாய்க்கடிக்கு மருந்து வேண்டும் என்றால் கசௌலிக்குத்தான் போக வேண்டும். 1900-ல் அங்கே ஒரு பாஸ்டியர் நிலையம் தொடங்கியிருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-லேயே மலை ரயில் வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் மலையிறங்கி, ரயில் மாறி மாறி இமயமலை அடிவாரம் போய்ச் சேர்வதற்குள் காலம் கடந்துவிடும். அந்த மரணம் எழுப்பிய கேள்விக்குப் பதிலாகத்தான், ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்த நன்கொடையிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைக் கொண்டு, 1907 ஏப்ரல் 6-ம் தேதி தென்னிந்தியப் பாஸ்டியர் நிலையம் இங்கே திறக்கப்பட்டது. மருந்து எங்கோ தொலைவில் இருந்தால் மலைக்காரன் செத்துப்போவான் என்பதை அன்றைக்குப் புரிந்துகொண்டார்கள்.

அந்த வளாகத்திலிருந்து புறப்பட்டது தடுப்பூசி மட்டும் இல்லை. 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராய இங்கே ஒரு சின்ன இடத்தில் உட்கார்ந்தார். எலிகளைப் பிரித்து வைத்து, ஒவ்வொரு பகுதி மக்களும் சாப்பிடும் சாப்பாட்டைத் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர, தீட்டிய வெள்ளை அரிசியையே பெரிதும் நம்பிய நம் பக்கத்துச் சாப்பாட்டில் வளர்ந்த எலிகள் வாடின. பின்னால் பொறுப்பேற்ற ஆய்க்ராய்ட், இந்திய உணவுப் பொருட்களில் என்ன சத்து எவ்வளவு என்ற அட்டவணையை 1937-ல் குன்னூரிலிருந்தே வெளியிட்டார். 1943 வங்கப் பஞ்சத்தை விசாரித்த ஆணையத்திலும் அவர் உறுப்பினர். அந்த ஆய்வகம்தான் 1950-களின் கடைசியில் ஹைதராபாத்துக்குப் போய் இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. ஒரு நாடு என்ன சாப்பிட வேண்டும் என்ற கொள்கைக்கான அடிப்படையைக் கொடுத்த ஊர் இது. இதை நாம் பெருமைக்காகச் சொல்லிக்கொண்டு திரிகிறோமே தவிர, அந்த வளாகத்துக்கு என்ன ஆகிறது என்று விசாரிப்பதில்லை.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த வார்த்தையைக் கேட்டாலே வயிறு சுருங்கும். ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்தப் பழைய நாய்க்கடி மருந்து குன்னூரிலும் தயாரானதுதான். வலி ஒரு பக்கம், சிலருக்கு நரம்புக் கோளாறு வந்துவிடும் ஆபத்து மறுபக்கம். செல் வளர்ப்பு முறையில் நவீன ஊசியை உருவாக்கிக்கொண்டு, 2005 வாக்கில் நாடு முழுக்க அந்த ஆட்டு மூளை மருந்தை ஓரங்கட்டினார்கள். இது அரசுக் கொள்கை செய்த நல்ல காரியம். பதினான்கு ஊசி போய், கைத் தோலில் நான்கு நாட்கள் மட்டும் போடும் முறை வந்தது. பயம் குறைந்தது. பயம் குறைந்ததால் கவனமும் குறைந்துவிட்டது என்பதுதான் இப்போது எனக்குள்ள கவலை.

தமிழ்நாட்டில் 2023-ல் பதிவான நாய்க்கடிகள் சுமார் 4.4 லட்சம், வெறிநோய்ச் சாவுகள் 18. 2024-ல் கடிகள் சுமார் 4.8 லட்சம், சாவுகள் 43. கடி கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு கூடியது. சாவு இரண்டு மடங்கைத் தாண்டியது. இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு தெருநாயைத் திட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். நாய்களைக் கட்டுப்படுத்தவும் அவற்றுக்கு ஊசி போடவும் வேண்டும்தான், அதில் பேச்சில்லை. ஆனால் கடிபட்ட மனிதனைக் காப்பாற்றும் மருந்து இருக்கிறது. நேரத்துக்குப் போட்டால் சாவைத் தடுத்துவிடும். அப்படியிருந்தும் ஒரு வருடத்தில் 43 பேர் இறந்திருக்கிறார்கள் என்றால், மருந்துக்கும் மனிதனுக்கும் நடுவில் ஏதோ அறுந்துகிடக்கிறது. வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் திரும்பி வருவது அநேகமாக இல்லை. தண்ணீர் டம்ளரை வாயருகே கொண்டுபோனாலே தொண்டை இறுகிக்கொள்ளும். பக்கத்தில் நிற்கும் பெற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது.

எங்கே அறுகிறது என்பதை நம் மலையில் வைத்துப் பார்க்கலாம். கொலக்கம்பைப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் இலை பறிக்கப் போகும் ஒரு பெண்ணை, லைன் வீட்டு வாசலில் நாய் கெண்டைக்காலில் கவ்விவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் யாரோ சுண்ணாம்பைத் தடவுவார்கள். இல்லாவிட்டால் காப்பித் தூள், மஞ்சள். பிறகு பஸ் பிடித்துக் குன்னூர் லாலி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். அன்றைய கூலி போச்சு. மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று மறுபடி மறுபடி வர வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி. ஊசி இலவசம்தான், போகவரும் நாள் இலவசம் இல்லை. இரண்டு ஊசி போட்டுவிட்டு, 'கடித்த நாய் நன்றாகத்தானே திரிகிறது' என்று விட்டுவிடுபவர்களை மலையில் எங்கும் பார்க்கலாம்.

முன்பு இந்தப் பெண்ணுக்கு இன்னொரு வழி இருந்தது. 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி செய்து கொடுப்பது எஸ்டேட் முதலாளியின் கடமை என்றது. அதனால்தான் எஸ்டேட்டுக்குள் டிஸ்பென்சரி, கம்பவுண்டர், பெரிய கம்பெனித் தோட்டங்களில் ஆஸ்பத்திரி எல்லாம் இருந்தன. தேயிலை விலை சரியச் சரிய, கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. அந்தச் சட்டமே இப்போது தனியாக இல்லை. 2020-ல் நிறைவேறி, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் கரைந்துவிட்டது. எஸ்டேட்டில் மருத்துவ வசதி செய்வதற்குப் பதிலாக முதலாளி ஈ.எஸ்.ஐ. காப்பீட்டைத் தேர்ந்துகொள்ளவும் புதிய சட்டம் இடம் தருகிறது. கோயம்புத்தூர் மில் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. என்றால் பஸ் ஏறிப் போய்ச் சேரும் ஆஸ்பத்திரி. கொலக்கம்பைப் பெண்ணுக்கு அட்டை கையில் இருக்கும், ஆஸ்பத்திரி எங்கே இருக்கும்? தொழிற்சங்கத் தோழர்கள் கூலி உயர்வுக்குக் கொடுக்கும் அழுத்தத்தில் பாதியாவது இந்தக் கேள்விக்குக் கொடுக்க வேண்டும். எஸ்டேட் டிஸ்பென்சரியை மூடுவதற்கு முன் மாற்று இடம் எது என்று எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

குழந்தைத் தடுப்பூசிக்கு வருகிறேன். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட நான்கு கைக்குழந்தைகள் இறந்துபோனார்கள். மாநிலமே அதிர்ந்தது, நியாயம். அதன் பிறகு அரசு ஒரு முடிவெடுத்தது. கிராமத்தில், அங்கன்வாடியில், துணை சுகாதார நிலையத்தில் நர்சம்மா போட்டுவந்த ஊசியை இனி டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் போட வேண்டும் என்றது. பாதுகாப்பை நினைத்து எடுத்த முடிவு. சமவெளியில் ஆரம்ப சுகாதார நிலையம் மூன்று, நான்கு கிலோமீட்டரில் இருக்கும். மலையில்? சேலாஸ் பக்கத்து லைன் வீட்டிலிருந்தோ, பர்லியாறு பக்கத்துப் பழங்குடிக் கிராமத்திலிருந்தோ ஒன்றரை மாதக் குழந்தையை மழையில் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் நடப்பது?

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2005-06-ல் தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசியும் போட்டுக்கொண்ட குழந்தைகள் 81 சதவீதம். நாட்டிலேயே முன்வரிசை. பத்து ஆண்டு கழித்து, 2015-16-ல், 70 சதவீதம். நாடு முழுக்க ஏறிக்கொண்டிருந்தபோது நாம் இறங்கினோம். இடம் மாற்றிய அந்த ஆணை ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். மருந்துத் தட்டுப்பாடு, புரளி, நகரத்துத் தாய்மாரிடம் வந்த அலட்சியம் எல்லாம் சேர்ந்துகொண்டன. ஆனால் ஒரே ஆண்டில் இரண்டு உத்தரவு, ஒன்று மருந்து தயாரிக்கும் இடத்தைப் பூட்டியது, இன்னொன்று மருந்து போடும் இடத்தைத் தள்ளிவைத்தது. இரண்டும் சரிவின் தொடக்கத்தில் நிற்கின்றன. அடுத்த கணக்கெடுப்பில், 2019-21-ல், 89 சதவீதத்துக்கு ஏறிவிட்டோம். கிராமத்து நர்சம்மாக்கள் கதவு கதவாகத் தட்டியதன் பலன் அது, அவர்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

சரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாக மலையிறங்கினால் நிலம்பூர், மலப்புரம் மாவட்டம். படிப்பிலும் மருத்துவத்திலும் கேரளம் எவ்வளவு முன்னேறிய மாநிலம் என்று நமக்குத் தெரியும். அந்த மலப்புரத்தில் 2016-ல் தொண்டை அடைப்பான் திரும்பி வந்து பிள்ளைகளைக் கொன்றது. தாத்தா காலத்தோடு போய்விட்டதாக நினைத்த நோய். தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படிந்து மூச்சை அடைத்துவிடும். இளம் டாக்டர்கள் பலர் பாடப் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்த நோய். தடுப்பூசி போடாத வீடுகள் ஓரிடத்தில் கூடிவிட்டால் போதும், கிருமி வழி கண்டுபிடித்துவிடும். மாநில எல்லைச் சோதனைச் சாவடியில் அது நிற்காது.

இனி பாஸ்டியருக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். தடை விலகியது, புதிய நெறிமுறைக்கு ஏற்ற கூடங்கள் கட்ட நூறு கோடிக்கு மேல் ஒதுக்கப்பட்டது. ஆனால் அதற்குள் களமே மாறிவிட்டது. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசி வந்தது. முத்தடுப்பு மருந்தோடு மஞ்சள் காமாலை பி வகைக்கும், மூளைக் காய்ச்சலையும் நிமோனியாவையும் உண்டாக்கும் ஹிப் கிருமிக்கும் சேர்த்து ஒரே ஊசி. குழந்தைக்கு நல்லதுதான், குத்து குறைகிறது, பாதுகாப்பு கூடுகிறது. ஆனால் அதைத் தயாரிப்பது தனியார் கம்பெனிகள். முதல் மூன்று தவணையும் அதற்குப் போய்விட, குன்னூர் தயாரித்துவந்த முத்தடுப்பு ஊசிக்கு ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் போடும் ஊக்குவிப்புத் தவணைகள் மட்டுமே மிஞ்சின. பூட்டைத் திறந்துவிட்டார்கள், சரக்கு போகும் இடத்தைச் சுருக்கிவிட்டார்கள். ஒரு பொதுத்துறை நிறுவனம் நலிவதற்கு ஆர்ப்பாட்டமான உத்தரவு எதுவும் தேவையில்லை. ஓய்வுபெறும் விஞ்ஞானியின் இடத்தை நிரப்பாமல் விட்டால் போதும். புதிய மருந்தின் தொழில்நுட்பத்தை வாங்கித் தராமல் விட்டால் போதும்.

செங்கல்பட்டைச் சேர்த்துப் பார்த்தால்தான் முழு ஆபத்தும் தெரியும். பழைய நிலையங்களுக்குப் பதில் எல்லாத் தடுப்பூசியும் ஒரே இடத்தில் தயாராகும் என்று சொல்லி, அங்கே திருமணியில் 100 ஏக்கரில் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் கட்டினார்கள். 2012-ல் ஒப்புதல், 594 கோடி ரூபாய்த் திட்டம். கட்டடம் எழுந்தது, கருவிகள் வந்தன, மருந்து மட்டும் வரவில்லை. கொரோனா இரண்டாம் அலையில் ஜனங்கள் ஊசிக்காக விடிகாலையில் வரிசையில் நின்றபோது அந்த வளாகம் சும்மா கிடந்தது. தனியாருக்கு விட டெண்டர் போட்டுப் பார்த்தார்கள், எடுக்க ஆள் வரவில்லை. முதல்வர் ஸ்டாலின் 2021 மே 25-ல் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, மாநில அரசுக்குக் குத்தகைக்குக் கொடுங்கள் என்று பிரதமருக்கு எழுதினார். அதே மே மாதத்தில்தான் ஊசி வாங்கும் கொள்கையையும் மாற்றியிருந்தார்கள். மத்திய அரசுக்கு 150 ரூபாய் என்றால் அதே கோவிஷீல்டு மாநிலத்துக்கு 300, தனியார் ஆஸ்பத்திரிக்கு 600. தமிழ்நாடு மூன்றரைக் கோடி ஊசிக்கு உலக டெண்டர் விட்டது, ஒரு கம்பெனியும் வரவில்லை. ஜூன் 7-ல் பிரதமர் கொள்கையை மாற்றிக்கொண்டதாக அறிவித்தார். நடுவில் போன வாரங்களில் நாம் யார் யாரை இழந்தோம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும்.

இதே கதை மற்ற மருந்துகளிலும் நடக்கிறது. 2024 மார்ச்சில் காசநோய் மாத்திரைக்குத் தட்டுப்பாடு வந்து, மாநிலங்களே மூன்று மாதத்துக்கு வாங்கிச் சமாளித்துக்கொள்ளுங்கள் என்று மத்திய அரசு கடிதம் அனுப்பியது. காசநோய் மாத்திரையை இடையில் விட்டால் மருந்துக்கு அடங்காத வகை உருவாகலாம் என்று அதே அரசுதான் சுவர் சுவராக எழுதிவைத்திருக்கிறது.

எனவே சொல்கிறேன், உஷாராக இருங்கள். 2008 ஒரு விபத்து, முடிந்துபோன சமாச்சாரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சொந்தமாகத் தயாரிக்கும் கூடம் கையை விட்டுப் போனால், விலை பேசும் பலமும் சேர்ந்தே போகும். அடுத்த முறை தட்டுப்பாடு வரும்போது, கோயம்புத்தூர் தனியார் ஆஸ்பத்திரியில் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளக்கூடியவர்கள் தப்பிப்பார்கள். மலையில் மிஞ்சுவது லைன் வீட்டுக் குழந்தையும் பழங்குடிக் குழந்தையும்தான்.

வீட்டளவில் செய்யவேண்டியதை முதலில் செய்துவிடுங்கள். குழந்தையின் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். ஒன்றரை வயது, ஐந்து வயது தவணைகளைத்தான் அதிகம் பேர் மறந்துவிடுகிறார்கள், குழந்தை நடக்க ஆரம்பித்ததும் அட்டை பெட்டியின் அடிக்குப் போய்விடுகிறது. தவணை தவறியிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஊசி போடும் முன் குப்பியைக் காட்டச் சொல்லுங்கள், நர்சம்மா கோபித்துக்கொள்ள மாட்டார். குப்பியில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து வெப்பத்தில் கெடவில்லை என்று அர்த்தம். சதுரமும் வட்டமும் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டாலோ, சதுரம் இன்னும் கறுத்துவிட்டாலோ அந்த மருந்து வேண்டாம். அந்த அடையாளம் வெப்பத்தை மட்டும்தான் காட்டும். பென்டாவேலன்ட்டும் முத்தடுப்பும் உறைந்துபோனாலும் கெட்டுவிடும், அதைச் சதுரம் காட்டிக்கொடுக்காது. மார்கழிப் பனியில் கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் மருந்துப் பெட்டியின் வெப்பநிலைப் பதிவேட்டை அதிகாரிகள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

கடி விஷயத்தில் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நாய், பூனை, குரங்கு எது கடித்தாலும், பிறாண்டி ரத்தம் வந்தாலும், உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம். சிம்ஸ் பூங்காவிலும் மலைப்பாதை ஓரத்திலும் குரங்குக்குத் தீனி நீட்டி, அதன் நகம் பட்டுவிட்டு, 'குரங்குதானே' என்று போய்விடும் சுற்றுலாக்காரர்களைத் தினமும் பார்க்கிறோம். அவர்களை நிறுத்திச் சொல்லுங்கள். கடிபட்ட அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காயம் தோலைக் கிழித்திருந்தால் தடுப்பூசி மட்டும் போதாது, காயத்தைச் சுற்றியே செலுத்தும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேண்டும். தடுப்பூசியால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி பிறக்க நாட்கள் ஆகும், அதுவரை காயத்திலேயே கிருமியைக் கட்டிப்போடுவது இந்த மருந்துதான். முதல் ஊசி போட்டு ஏழு நாளைக்குள் போட்டாக வேண்டும். இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். இல்லை என்றால் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு அன்றே போங்கள். நாய் உயிரோடு திரிகிறதா என்று பார்த்துக்கொண்டு ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஊரளவில் கேட்கவேண்டியது வேறு. ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் சாலை எத்தனை முறை மூடியிருக்கிறது என்று நமக்குத் தெரியும். 2009 நவம்பரில் நீலகிரி மண்சரிவில் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள், பாதைகள் துண்டித்துக் கிடந்தன. அந்த மாதிரி நாட்களுக்காக மழைக்காலம் தொடங்கும் முன்பே எத்தனை நாளுக்கான நாய்க்கடி மருந்தும் குழந்தைத் தடுப்பூசியும் மலைமேல் இருப்பு வைக்கப்படுகிறது என்று மாவட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். எஸ்டேட் பகுதியில் இரண்டாவது, மூன்றாவது நாய்க்கடி ஊசியை அருகில் உள்ள துணை சுகாதார நிலையத்திலேயே போட ஏற்பாடு செய்யச் சொல்ல வேண்டும். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் அரசு ஊழியர்களால் வீடு தேடி மாத்திரை கொண்டுவர முடிகிறது, 2021 முதல் கொண்டுவருகிறார்கள். கூலி போகாமல் ஊசி போட ஒரு வழியை அவர்களால் கண்டுபிடிக்க முடியும்.

நீலகிரி எம்.பி. யாராக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், அவரிடம் வைக்கவேண்டிய கேள்விகள் நான்கு. பாஸ்டியர் நிலையத்தின் புதிய கூடம் இந்த ஆண்டு எத்தனை டோஸ் தயாரித்தது? அதில் அரசு எத்தனை வாங்கியது? விஞ்ஞானி, தொழில்நுட்பப் பணியிடங்களில் எத்தனை காலி? பென்டாவேலன்ட் தயாரிக்கும் தொழில்நுட்பம் குன்னூருக்கு எப்போது வரும்? நாடாளுமன்றத்தில் கேட்டால் அமைச்சர் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். மே 1-ம் தேதியோ ஆகஸ்ட் 15-ம் தேதியோ உங்கள் ஊராட்சியில் கிராம சபை கூடும்போது இந்த நான்கையும் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். குன்னூர் நகரத்தில் இருப்பவர்கள் வார்டு கவுன்சிலரிடம் மனுவாகக் கொடுங்கள். மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.